தீர்த்தத்தில் நனைந்த பஞ்சு

மலையாள தேசத்து வலியசாலை அக்ரஹாரத்தில் சீதாலக்ஷ்மியோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் சிலர் உண்டு. மறுநாள் காலையில் பால் வாங்க வரும்போது அவர்களுக்கும் மிச்ச பதில் கிடைத்துவிடும். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். துபாய்க்கும் பம்பாய்க்கும் டிரங்க் கால் கேட்டு எகிறியவர்களை எல்லாம் ஒரே குரலில் அடக்கி வரிசையில் நிறுத்திய கை தேர்ந்த ஆள். அறுபத்திரண்டு வயதிலும் அந்தக் குரல் கொஞ்சமும் தேயவில்லை.

அப்பேர்ப்பட்டவள், சொந்த வீட்டு வாசலைத் திறக்கத் தான் பெற்ற பிள்ளையிடம் சாவி கேட்டு நிற்க வேண்டி வந்தது. அவள் கணவருக்காக.

சாம்பசிவன் வாட்டர் அதாரிட்டியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. நாலு வருஷமாக அல்ஸைமர். முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள் போயின, பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போயிற்று. ஒரே பிள்ளை மஹேஷைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மருமகள் விஷ்ணுப்ரியாவை ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்று எண்ணி, "காப்பி சாப்ட்டேளோ?" என்று மணிக்கு நாலு தடவை உபசாரம் செய்கிறார். மனைவி பெயர் எப்போதோ போய்விட்டது. இவ்வளவு போயும் ஒன்று மட்டும் போகவில்லை. சாயங்காலம் நாலு மணி அடித்தால் அவர் போய் வால்வைத் திறக்க வேண்டும்.

வேலையில் இருந்த காலத்தில் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு லைனுக்கு நாலு மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்கள். இன்று அந்த லைனும் இல்லை, அந்த நேரமும் இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு அவர் சட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார். "ஜனங்கள் குடத்தை வச்சுண்டு காத்துண்டு நிக்கறா. நேரமாச்சு." ஆரம்பத்தில் சீதாலக்ஷ்மி வாதாடிப் பார்த்தாள். ரிடையர் ஆகிப் பதினாலு வருஷம் ஆயிற்று என்றாள், ஆபீஸ் கொடுத்த பிரிவுபசாரத் தட்டைக்கூட எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப்போல அழுதார். அவள் தன் ஆயுளில் தானாக விட்டுக்கொடுத்த வாதம் அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை தாண்டிப் பெரிய ரோடு வரை நடந்தாள். அங்கே ரோட்டில் பாதி ஏறினாற்போல ஒரு பழைய இரும்பு மூடி கிடக்கிறது. சாம்பசிவன் அதன் பக்கத்தில் குந்தி, குனிந்து, காதை வைத்துக் கேட்பார். இரண்டு நிமிஷம். பிறகு முகம் தெளியும். "வந்தாச்சு" என்பார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி இட்லி சாப்பிட்டுப் படுத்தால் காலையில்தான் கண் விழிப்பார். எட்டு மாதம் இப்படி ஓடியது. கடைத்தெருக்காரர்களுக்கும் பழகிவிட்டது.

மேட மாதத்தில், தமிழுக்குச் சித்திரை, ஒரு நாள் அவர் அப்படிக் குந்தியிருந்தபோது பின்னால் வந்த ஆட்டோ முழங்கையில் உரசித் தள்ளிவிட்டது. ஓட்டி வந்த சுதீஷ் பாவம், நடுங்கிப்போய், தானே தூக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஏழு தையல். அன்றைக்கே மஹேஷ் வாசல் கிரில்லுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான்.

"நான் கூடத்தானேடா இருந்தேன்" என்றாள் சீதாலக்ஷ்மி.

"கூட இருந்தும் விழுந்தாரோல்லியோ. முழங்கையோட போச்சு. தலையில இடிச்சிருந்தா என்னாக்கும் பண்ணியிருப்பே?"

ஆட்டோ உரசிய நேரம் அவள் ஓரமாக நின்று காய்கறிக் கடையில் சேப்பங்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மஹேஷ் கெட்டவன் இல்லை. டெக்னோபார்க் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டு மாடியிலிருந்துதான். அப்பாவுக்குத் தினமும் முகம் மழித்துவிடுவதும் நகம் வெட்டிவிடுவதும் அவன்தான். ஆனால் பயந்துபோயிருந்தான். பயந்த மனிதன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டால் சுலபத்தில் வெளியே எடுக்கமாட்டான்.

அதன்பிறகு நாலு மணி என்றால் வீடு வீடாக இராது. சாம்பசிவன் கிரில்லைப் பிடித்து உலுக்குவார். மற்ற நேரமெல்லாம் தம்பியாக இருக்கும் மஹேஷ் அந்த நேரத்தில் மேலதிகாரி ஆகிவிடுவான். "சார், பத்து நிமிஷம் விடுங்கோ சார். திறந்துட்டு ஓடி வந்துடறேன் சார்" என்று பிள்ளையின் முன்னால் கைகூப்பிக் கெஞ்சுவார். மஹேஷ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். கீழே வரும்போது கண் சிவந்திருக்கும். ஏழு மணி வரை இந்தக் கூத்து நடக்கும். பிறகு அவர் துவண்டுபோய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார், சாப்பாடு இறங்காது.

இந்த நிலைமையில்தான் மருத்துவமனையில் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். அல்ஸைமர் வந்தவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து எச்சில் கொடுக்க வேண்டும். இரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து வேளை, அதில் ஒன்று சாயங்காலம் நாலரை. கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். டாக்டரம்மா மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். மூளைக்குள் பெருக்கித் துடைப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அங்கே சேரும் புரதக் குப்பையை விழுங்கி அப்புறப்படுத்துவது அவற்றின் வேலை. மனிதனுக்குப் பதற்றம் வந்தால் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். ஏறி இறங்கினால் நல்லதுதான், காலையில் நம்மை எழுப்பிவிடுவதே அதுதான். ஏறியது இறங்காமல் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பெருக்கும் செல்களின் புத்தி மாறிவிடுகிறதோ என்று சந்தேகம். ஒன்று வேலை மந்தமாகும், இல்லாவிட்டால் எரிச்சல் பிடித்து நல்ல செல்லையும் கடித்து வைக்கும். உயிரோடிருப்பவர் மூளையிலிருந்து அவற்றை எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் ரத்தத்தில் இருக்கும் அவற்றின் சொந்தக்காரச் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள், கார்ட்டிசாலை எச்சிலில் அளப்பார்கள்.

"அப்படியானால் தினமும் மூணு மணி நேரம் இவர் கிடந்து கதறுவது இவர் மூளையை இன்னும் கெடுக்கிறதா?" என்று சீதாலக்ஷ்மி நேராகவே கேட்டாள்.

எலிகளில் அப்படித் தெரிகிறது, மனிதர்களில் உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் ஆகும், தெரியாததால்தான் உங்களிடம் எச்சில் கேட்கிறோம் என்றார் டாக்டர். பூசி மெழுகாத அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அங்கேயே கையெழுத்துப் போட்டாள். விஞ்ஞானத்தின் மேல் வந்த திடீர்ப் பாசம் ஒன்றும் இல்லை அது. மஹேஷ் அம்மா சொன்னால் கேட்கமாட்டான், நம்பர் சொன்னால் கேட்பான். அந்த நம்பரைக் கொண்டுவந்து அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்ட வேண்டும்.

அன்று சாயங்காலமே பேரம் பேசினாள். முதல் சுற்று மூன்று நாளும் கிரில் பூட்டியே இருக்கட்டும். இரண்டாவது சுற்றில் பழையபடி நாலு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். எந்தச் சுற்றில் அப்பாவின் கார்ட்டிசால் குறைகிறதோ அதுவே இனிமேல் வழக்கம்.

மஹேஷ் யோசித்தான். "சரிம்மா. நம்பர் வரட்டும். நம்பர் என்ன சொல்றதோ அதுபடி செய்யலாம்."

எச்சில் பிடிக்கும் குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தவள் அனுஷா. அப்பா தென்காசிக்காரர், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் வேலை. அவள் இங்கேயே பிறந்து, மலையாளத்தில் படித்து, அந்த ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்ந்தவள். தமிழ் வீடு என்றால் அவளைத்தான் அனுப்புவார்கள். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் உருண்டையாக ஒரு பஞ்சு.

"வாயில வச்சு ஒரு நிமிஷம் மெல்லணும், கேட்டோ அம்மா. பின்னே கைபடாம இந்தக் குழாய்க்குள்ளயே துப்பணும். அரை மணிக்கூர் முன்னால ஒண்ணும் பாடில்ல, கூடாது. காப்பி, சாயா, பலகாரம், வெள்ளம் ஒண்ணும். காலைல பல்லு தேய்க்கதுக்கு முன்னயே முதல் குழாய். எடுத்தவுடனே ஃப்ரிட்ஜில வச்சிரணும்."

பல் தேய்க்காமல் வாயைத் திறந்து பேசுவதே அபசாரமென்று வளர்ந்த வீடு. அந்த வீட்டு ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவில், முப்பது எச்சில் குழாய்கள். விஷ்ணுப்ரியா ஒன்றும் சொல்லாமல் மாவை எடுத்து மேல் தட்டில் வைத்தாள், பிறகு தயிரையும் எடுத்து வைத்தாள். சீதாலக்ஷ்மிக்கும் கூசத்தான் செய்தது. பெற்ற தாயிடம்கூட எச்சில் டம்ளரை நீட்டிப் பழகாதவள், ஊரான் பெண் கையில் தன் எச்சிலைத் தூக்கிக் கொடுப்பதா என்று உடம்பு குன்றியது. ஆனால் ஒரு கை பார்ப்பது என்று இறங்கிவிட்டாள். முதல் நாள் விடிந்ததும் பஞ்சை வாயில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்று துப்பினாள்.

அடுத்தது சாம்பசிவன். இங்கேதான் வந்தது வினை. பெண்டாட்டி பெயரை மறந்த மனிதர் எச்சிலை மறக்கவில்லை. இன்றைக்கும் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்பார். பஞ்சு வாயில் பட்டதும் தூவென்று துப்பினார். எழுந்து போய் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். "எச்சல் பண்ணினதை எடுத்து டப்பாவுல போட்டு வைக்கறதா. என்ன ஆசாரம் இது" என்று அவளைப் பார்த்த பார்வையில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய மாப்பிள்ளை தெரிந்தார். தேன் தடவிப் பார்க்கலாமா என்றால் பலகாரம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இப்படி ஒரு குழாய் வீணானது.

அரை மணி கழித்து அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பூஜை அறையில் பஞ்சபாத்திரத்தில் தீர்த்தம் இருந்தது. துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டது. பஞ்சை அதில் நனைத்து, உத்தரணிக் கரண்டியின் மேல் வைத்து, "தீர்த்தம்" என்று நீட்டினாள். சாம்பசிவன் பயபக்தியோடு வாயைத் திறந்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். "இப்போ வாயைத் திறங்கோ" என்றதும் திறந்தார். இடுக்கியால் பஞ்சை எடுத்துக் குழாயில் போட்டாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே பெருமையாகப் போய்விட்டது. மூன்று நாளும் மிச்சம் பதினாலு குழாயும் இதே வழிதான்.

வெள்ளம், அதாவது தண்ணீர், கூடாது என்று அனுஷா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் தீர்த்தம் தண்ணீர் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருப்பவர்களும் தீர்த்தம் சாப்பிடுகிறார்கள், யாருடைய உபவாசமும் அதனால் கெட்டதில்லை. விரதத்தையே கெடுக்காத வஸ்து ஒரு பஞ்சையா கெடுத்துவிடப்போகிறது. இத்தனை வருஷம் பழகிய உடம்பு இப்படித்தான் யோசிக்கும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து முதல் சுற்றின் தாள் வந்தது. ஆராய்ச்சி முடியும் முன் காட்டும் வழக்கம் இல்லையாம். சீதாலக்ஷ்மி தினமும் போன் செய்து உயிரை வாங்கியதில், இது முடிவு அல்ல என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவைத்தார்கள். மஹேஷ் கூடத்தில் நின்றபடியே படித்தான். படித்ததும் முகம் மலர்ந்தது.

"அம்மா, இதைப் பாரு. அப்பாவோட நாலரை மணி நம்பர் உன்னோடதுல மூணுல ஒரு பங்குதான் இருக்கு. பூட்டி வச்ச மூணு நாளும் அப்படித்தான். கிரில்லைப் பிடிச்சு ஆட்டறாரே ஒழிய உள்ளுக்குள்ள அவர் சமாதானமாத்தான் இருக்கார். நாமதான் வெறுதே வெஷமப்பட்டுண்டு, கவலைப்பட்டுண்டு இருக்கோம்."

சீதாலக்ஷ்மியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணால் கண்டது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. அந்தக் கதறல் பொய்யா? கைகூப்பிய கை பொய்யா? மஹேஷ் அம்மாவின் தோளில் கை வைத்தான். இரண்டாவது சுற்றில் வெளியே போவதெல்லாம் இனி வேண்டாம் என்றான். தெருவெல்லாம் கேட்கிறது, அதனால் பின்கட்டு அறைக்கு வெளியிலிருந்து ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டால் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அப்பா பத்திரமாக உள்ளே இருப்பார் என்றான். ஆசாரி ஷிபுவிடம் பேசியாகிவிட்டது, திங்கட்கிழமை வருவார்.

சனிக்கிழமை அனுஷா இரண்டாவது சுற்றுக்கான குழாய்களோடு வந்தாள். வாசலிலேயே, "அங்கிளோட ரிசல்ட் பார்த்து டாக்டர் அதிசயப்பட்டாங்க. இந்த நோயில இவ்வளவு கொறஞ்சு யாருக்கும் வரல்ல" என்றாள். உள்ளே வந்து குழாய்களை மேஜையில் வரிசையாக வைக்கும்போது பக்கத்தில் இருந்த இடுக்கியைப் பார்த்தாள். இடுக்கிக்குப் பக்கத்தில் பஞ்சபாத்திரம்.

"இது எதுக்கு அம்மா?"

"அவருக்குப் பஞ்சு கொடுக்கறதுக்கு. சும்மா கொடுத்தா துப்பிடறார். தீர்த்தத்துல முக்கிக் கொடுத்தாத்தான் வாங்கிக்கறார்."

அனுஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாக் குழாயுமா?"

"எல்லாம்தான். ஏன்?"

"அம்மா, அது வெள்ளம்தானே. எச்சிலோட வெள்ளம் சேர்ந்தா நம்பர் கொறஞ்சு போவும். நீங்க அளந்தது பாதி அங்கிள், பாதி தீர்த்தம்."

சீதாலக்ஷ்மி கொஞ்ச நேரம் பஞ்சபாத்திரத்தையே பார்த்தாள். தன் கையாலேயே நம்பரைக் குறைத்து, அதை மகன் கையில் கொடுத்து, அறைக்குத் தாழ்ப்பாளும் போட வைத்தாகிவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது. அனுஷாவின் முகம் வெளுத்திருந்தது. கூட இருந்து பார்க்காமல் குழாயை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது அவள் தப்பு, வேலை நிரந்தரமாகும் சமயத்தில் கேள்வி வரும். "நான் டாக்டர்கிட்ட பறயணுமா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ ஒண்ணும் பறைய வேண்டாம். தப்புப் பண்ணினது நானாக்கும்" என்று சீதாலக்ஷ்மி போனை எடுத்தாள். டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னாள். தீர்த்தம், உத்தரணி, இடுக்கி, பதினாலு குழாய். அந்தப் பெண் சொல்லித்தான் கொடுத்தாள், நான்தான் கேட்கவில்லை என்று நடுவில் சேர்த்தாள். அது முழு உண்மை இல்லை, இருந்தாலும் அழுத்திச் சொன்னாள். மறுமுனையில் டாக்டர் சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. சாம்பசிவனின் குழாய்கள் கணக்கில் வராது, அவரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறோம், சொன்னதற்கு நன்றி என்றார். உங்களுடைய எச்சிலில் ஒன்றும் சேர்க்கவில்லையே என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் நீங்கள் மட்டும் தொடருங்கள், உங்கள் நம்பரை நான் இரண்டாவது தடவையும் அளக்கச் சொன்னேன் என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வாக்கியம் அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. நம்பர் போய்விட்டது என்பது மட்டும்தான் ஏறியது. மஹேஷிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை, கேலியும் செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்போ நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆச்சு. சரி. தெரியாதப்போ எது சேஃபோ அதைத்தான் செய்யணும். ஷிபு திங்கக்கிழமை வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பசிவன் தூங்கும்போது சீதாலக்ஷ்மி அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவரின் வரியை நூறு தடவை பார்த்தாயிற்று. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. அதை அவள் இதுவரை படிக்கவே இல்லை. இத்தனை நாளும் தன்னை அந்த வீட்டில் குழாயை அடுக்குகிறவள், இடுக்கியைப் பிடிக்கிறவள் என்றுதான் நினைத்திருந்தாள், அளக்கப்படுகிறவள் என்று நினைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. நல்ல கோபம், அவளுக்குப் பழக்கமான கோபம். அதைப் பார்த்து நானும் நிம்மதிப்பட்டேன் என்றே சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு ஷிபு டிரில்லோடு வந்து பின்கட்டு அறைக் கதவின் முன் உட்கார்ந்தார். புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று தரையில் கிடந்தது. நாலு மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆயிற்று. சாம்பசிவன் சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். மஹேஷ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சீதாலக்ஷ்மி கதவுக்கும் டிரில்லுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. மஹேஷ், இந்தத் தாளைப் படி."

"அம்மா, அது வேஸ்ட்டுன்னு நீயே சொன்னியே."

"அப்பாவோட வரி வேஸ்ட். என் வரி வேஸ்ட் இல்லை. என் எச்சல்ல தீர்த்தமும் இல்லை, தேனும் இல்லை. நாலரை மணிக்கு என்ன போட்டிருக்கு, உரக்கப் படி."

மஹேஷ் படித்தான். உரக்கப் படிக்கவில்லை.

"காலம்பற ஜாஸ்தியா இருக்கும், போகப் போகக் கொறையும். மனுஷாளுக்கு அதுதான் வழக்கம்னு அந்தத் தாள் அடியிலயே போட்டிருக்கு. எனக்குச் சாயங்காலம் காலம்பறயை விட ஜாஸ்தி. மூணு நாளும். பூட்டின மூணு நாளும். டாக்டர் நம்பாம ரெண்டாம் தரம் அளந்து பாத்தாளாம். நீ என்னை அளவுகோலா வச்சுண்டு அப்பாவை அளந்தே, மூணுல ஒண்ணுன்னு. அந்தக் கோல் ஏன் அவ்வளவு நீளமா இருக்குன்னு கேட்டியோ?"

ஷிபு தமிழ் புரிந்தும் புரியாததுபோல டிரில்லைத் தரையில் வைத்தார்.

"எனக்கும் ஒரு மூளை இருக்குடா. அதுக்குள்ளயும் பெருக்கறவா இருக்கா. நாளைக்கு நானும் இவரை மாதிரி ஆனா, நாலு மணிக்கு எழுந்து ‘டிரங்க் கால் காத்துண்டிருக்கு, என்னை விடுங்கோ’ன்னு உன்கிட்டே கை கூப்பினா, எனக்கும் ஷிபுவைத்தான் கூப்பிடுவியா?"

"அம்மா." மஹேஷின் குரல் உடைந்தது. "அந்த ஆட்டோ..."

"அந்த ஆட்டோ என் தப்பு. அன்னிக்கு நான் சேப்பங்கிழங்கு பாத்துண்டு நின்னேன். இத்தனை நாளா உன்கிட்டே சொல்லலை, இப்போ சொல்றேன். இன்னிக்குக் கடைப் பக்கம் திரும்ப மாட்டேன், ரோட்டு நடுவுல நிப்பேன். என்னை இடிச்சுட்டுத்தான் ஒரு வண்டி அவர்கிட்டே போகணும்." அவள் உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

பின்னால் சாம்பசிவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மஹேஷைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பப் போயிற்று. "சார்..." என்று ஆரம்பித்தார். மஹேஷ் அந்தக் கைகளைப் பிடித்துத் தாழ்த்திவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். வந்தது வந்தீர்கள், சமையலறை அலமாரிக் கதவு தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள் என்று சீதாலக்ஷ்மி ஷிபுவிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கிரில்லைத் திறந்தாள்.

பெரிய ரோட்டில் அந்த நேரத்துக்கே உரிய நெரிசல். சாம்பசிவன் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் குந்தியதும் சீதாலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள். ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஒரு கார் ஹாரன் அடித்தது. ஒரு பஸ், மூச்சு விட்டுக்கொண்டு, அவளுக்கு மூன்றடியில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி அம்மைக்குப் பைத்தியமா என்று கேட்டார். "எனக்கில்லை, ரெண்டு நிமிஷம் இருங்கோ" என்றாள், எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் பழகிய அதே குரலில். நகரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. நாலரை. இரண்டாவது சுற்றில் அவளுடைய குழாயின் நேரம். கைப்பையில் குழாய் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்தால் நேரம் தப்பும், நேரம் தப்பினால் இந்த நம்பரும் போகும். எதிர்த்த கடையில் வலியசாலை மாமிகள் இரண்டு பேர் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள், பஸ் நிறைய ஜனம். சீதாலக்ஷ்மி ஒரு கையால் பஸ்ஸை நிறுத்தியபடியே மறு கையால் குழாயை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, பஞ்சை வாயில் போட்டாள். சாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு நிமிஷம் நிதானமாக மென்றாள். பிறகு தலையைத் திருப்பிக்கொள்ளாமல் குழாய்க்குள் துப்பினாள்.

யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. மஹேஷ். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு அவன் கை காட்டிக்கொண்டிருந்தான். மறு கையை அம்மா பக்கம் நீட்டினான். அவள் எச்சில் குழாயை அந்தக் கையில் வைத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அம்மா, இதுலயும் உன் நம்பர் கொறையலேன்னா?"

"கொறையலேன்னா டாக்டர் அதுக்கு மருந்து கண்டுபிடிக்கட்டும், அது அவா பாடு. நாளைக்கு நாலு மணிக்கு நான் இங்கேதான் நிப்பேன். நீயும் வரதா இருந்தா செருப்பைப் போட்டுண்டு வா, தார் சுடும்."